வீட்டில் அம்பாள் ஜபம்: முதல் 48 நாளுக்கான வழிகாட்டி

அம்பாளை மந்திரம் சொல்லித் தியானிக்க வேண்டும் என்று ஆசை வந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு உண்டு, ஆடியில் கூழ் உண்டு. ஆனால் ஜபம் என்று மாலையோடு உட்கார்ந்தவர் யாருமில்லை. அதனால் ஒவ்வொன்றையும் வெளியில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விசாரித்த இடமெல்லாம் ஒவ்வொரு பதில். தீட்சை இல்லாமல் வாயையே திறக்கக்கூடாது என்றார் ஒருவர். முதலில் பணத்தை அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மந்திரம் வரும் என்றார் இன்னொருவர். மாலை விற்றவர் பேசியதைக் கேட்டால், பலன் முழுக்க மாலையின் விலையில்தான் இருக்கிறது என்று தோன்றும். இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நான் சொல்வது லலிதாம்பிகை, காமாட்சி, அபிராமி என்று நாம் கும்பிடுகிற, கரும்பு வில் ஏந்திய வடிவத்தை மனதில் வைத்து. உங்கள் குலதெய்வம் மாரியம்மனோ அங்காளம்மனோ என்றாலும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

1. உபதேசம் தேவையா, இல்லையா: முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

குழப்பம் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது. அம்பாள் வழிபாட்டில் இரண்டு வகை உண்டு. தோத்திரம், நாமாவளி, நாம ஜபம் ஆகியவை ஒரு வகை. பீஜ எழுத்துகள் ('ஹ்ரீம்' மாதிரியான விதை ஒலிகள்) சேர்ந்த மூல மந்திரங்கள் மற்றொரு வகை.

முதல் வகையை யார் வேண்டுமானாலும் இன்றே தொடங்கலாம். 'ஓம் சக்தி', 'ஸ்ரீமாத்ரே நமஹ', 'காமாக்ஷ்யை நமஹ' மாதிரியான நாமங்கள், அபிராமி அந்தாதி, அஷ்டோத்திரம் எல்லாம் இதில் வரும். லலிதா சகஸ்ரநாமத்தை உபதேசம் பெற்றே படிக்க வேண்டும் என்கிற சம்பிரதாயத்தார் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில், கோயில் மண்டபங்களில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

இரண்டாவது வகை ஸ்ரீவித்யை (லலிதாம்பிகையைக் குரு வழியில் உபாசிக்கும் மரபு) மந்திரங்கள். மகாகணபதி, பாலா, அப்புறம் 15 எழுத்து பஞ்சதசி, அதற்கும் மேலே சோடசி என்று படிப்படியாக குரு வாய்மொழியாகக் கொடுப்பவை. சண்டி (தேவி மகாத்மியம்) பாராயணத்தோடு வரும் ஒன்பதெழுத்து நவாக்ஷரியும் அப்படித்தான். இவை இணையத்தில் கிடைக்கத்தான் செய்கின்றன. கிடைக்கிறதே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது வாராஹி, பிரத்யங்கிரா பெயரில் யூடியூபில் ஏகப்பட்ட பீஜ மந்திரங்கள் ஓடுகின்றன. '21 நாளில் சித்தி' என்று தலைப்பு வேறு. அது ஏன் நடக்காது என்பதை 7-ஆம் படியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஆக, முதல் 48 நாளுக்கு ஒரு நாமம் போதும். குருவுக்காகக் காத்திருந்து வருடத்தை ஓட்ட வேண்டாம்.

2. ஒரே ஒரு நாமம், சரியான உச்சரிப்பு

என் பரிந்துரை 'ஸ்ரீமாத்ரே நமஹ'. சகஸ்ரநாமத்தின் முதல் நாமம் அது. ஐந்தே எழுத்து. ஓம் சேர்த்தும் சொல்லலாம், சேர்க்காமலும் சொல்லலாம். தமிழில்தான் மனம் ஒட்டுகிறது என்றால் 'ஓம் சக்தி' அல்லது 'அபிராமி அம்மையே' என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்டதை 48 நாளும் மாற்றாதீர்கள். வாரத்துக்கு ஒரு மந்திரம் மாற்றுகிறவர்கள்தான் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று அதிகம் புலம்புகிறார்கள்.

உச்சரிப்பில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 'நமஹ' என்பதில் கடைசி ஹ ஒரு மூச்சுதான், 'நமஹா' என்று நீட்டக்கூடாது. 'மாத்ரே' என்பதை 'மாதரே' என்று பிரித்துச் சொல்லக்கூடாது. ஒருமுறை யாராவது வடமொழி தெரிந்தவரிடம் சொல்லிக் காட்டித் திருத்திக்கொண்டால் போதும். உள்ளூர்க் கோயில் குருக்களே இதைச் செய்வார்.

சகஸ்ரநாமமும் படிக்க ஆசை என்றால் புத்தகம் வாங்கும்போது உள்ளே திறந்து பாருங்கள். தமிழ் எழுத்தில் க என்பது நான்கு ஒலிகளுக்கும் பொது. அதனால் நல்ல பதிப்புகளில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டிருப்பார்கள். எண் இல்லாத பதிப்பு விலை குறைவாக இருக்கும், ஆனால் புதிதாகப் படிப்பவருக்குப் பயன்படாது. இன்னொரு சிக்கல், நீளமான நாமங்கள். 'நிஜாருண ப்ரபாபூர மஜ்ஜத் ப்ரஹ்மாண்ட மண்டலா' என்பது ஒரே நாமம். அர்ச்சனைக்கு இதை மூன்றாக உடைத்து மூன்று முறை குங்குமம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாமாவளி தனியாக அச்சிட்ட புத்தகம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

3. நாள் குறிப்பது

வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, அஷ்டமி, நவமி, நவராத்திரி எல்லாம் அம்பாளுக்கு உகந்தவை. தொடங்கும் நாளில் மட்டும் ராகு காலத்தையும் எமகண்டத்தையும் விட்டுவிடுவது வழக்கம். வெள்ளியன்று ராகு காலம் 10:30 முதல் 12 வரை. அதிகாலையில் உட்காருகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை.

நாள் பார்க்கும் முன் காலண்டரை எடுத்து 48 நாளையும் எண்ணிப் பாருங்கள். நவராத்திரி முதல் நாள் தொடங்கினால் நடுவில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தீபாவளி வரும், ஊர்ப் பயணம் வரும். சித்திரைப் பக்கம் வரும் வசந்த நவராத்திரியில் தொடங்கினால் பிள்ளைகளின் பரீட்சை, அதன்பின் கோடை விடுமுறை. வீட்டில் கல்யாணம், பிரசவம் எதிர்பார்க்கிறீர்களா என்றும் பாருங்கள். நல்ல நாளைவிட இடையூறு குறைவான 48 நாள் கிடைப்பதுதான் பெரிது.

நேரம்: பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம். ஆறு மணிக்கு உதயம் என்றால் 4:24 முதல் 5:12 வரை. முடிந்தால் அது. முடியாதவர்கள் மாலை விளக்கு வைக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் வீடு திரும்பிக் குளித்ததும் உட்காரலாம். எந்த நேரம் என்பதைவிடத் தினமும் அதே நேரம் என்பது முக்கியம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஜபம் வராது, தூக்கம்தான் வரும்.

4. மாலை வாங்குவது

பணம் அதிகம் கரைகிற இடம் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், மாலை இல்லாமலும் ஜபம் செய்யலாம். வலது கை விரல் கணுக்களில் பத்து பத்தாக எண்ணுவதற்குக் கரமாலை என்று பெயர். சாக்த வழக்கத்தில், அதாவது அம்பாளை வழிபடுவோர் வழக்கத்தில், இப்படி எண்ணுவார்கள்: மோதிர விரலின் நடுக்கணுவில் 1, அதன் அடிக்கணுவில் 2, சுண்டு விரலில் அடியிலிருந்து நுனி வரை 3, 4, 5, மோதிர விரல் நுனியில் 6, நடுவிரலில் நுனியிலிருந்து அடி வரை 7, 8, 9, ஆள்காட்டி விரல் அடியில் 10. ஆள்காட்டி விரலின் மேல் இரண்டு கணுக்களைத் தொடுவதில்லை. பத்து முடிய முடிய இடது கையில் ஒரு விரல் மடக்கிக்கொண்டால் கணக்கு தவறாது. இதற்கு ஒரு பைசா செலவில்லை, பேருந்திலும் செய்யலாம்.

மாலைதான் வேண்டும் என்றால், 108 மணியும், மேலே மேரு என்கிற தலைமணி ஒன்றும் இருக்க வேண்டும். அம்பாள் ஜபத்துக்குப் படிகம், உருத்திராட்சம், செஞ்சந்தனம், பவழம் ஆகியவற்றைச் சொல்வார்கள். தாமரை மணி லட்சுமிக்கு. இவற்றில் புதியவருக்கு நான் சொல்வது ஐந்து முக உருத்திராட்சம். எளிதாகக் கிடைக்கும், சில நூறு ரூபாய்க்குள் முடியும், போலி செய்யும் அளவுக்கு அதில் லாபமும் இல்லை. ஒரு முகம், பதினான்கு முகம் என்று ஆயிரக்கணக்கில் சொல்பவரிடம் நின்று பேசவே வேண்டாம்.

படிகம் என்ற பெயரில் விற்பதில் கண்ணாடி ஏராளம். கடையிலேயே பார்க்கலாம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே உருண்டைக் குமிழ்கள் தெரிகிறதா? அது கண்ணாடி. அசல் படிகத்தைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், உள்ளங்கையில் பிடித்தாலும் சூடேற நேரமாகும். படிகம் கண்ணாடியைக் கீறும், கண்ணாடி படிகத்தைக் கீறாது. இரண்டு படிகத் துண்டுகளை இருட்டில் அழுத்தி உரசினால் மெல்லிய ஒளி தெரியும். ஆனால் இந்த ஒளி சோதனையைக் கடைக்காரர் செய்ய விடமாட்டார். 'லேப் சர்டிபிகேட்' என்று ஓர் அட்டை கொடுத்தால், அதில் உள்ள எண்ணை அந்தச் சோதனைக்கூடத்தின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அட்டை அச்சடிப்பது மாலை கோப்பதைவிட எளிது.

செஞ்சந்தனத்தில் வேறொரு தொல்லை. செம்மரம் வெட்டுவதும் விற்பதும் அரசின் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வேறு மரத்தில் ஏற்றிய சாயம். ஈரத் துணியால் துடைத்தால் துணி சட்டென்று சிவந்துவிடும்.

மாலை கையில் வந்ததும் பால் கலந்த நீரில் கழுவி, துடைத்து, அம்பாள் படத்தின் முன் வைத்துக் குங்குமமிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 'உருவேற்றித் தருகிறோம்' என்று தனிக் கட்டணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நீங்கள் ஜபிப்பதுதான் உருவேற்றம். ஜப மாலையைக் கழுத்தில் போடுவதில்லை. சின்னத் துணிப்பையில் வைத்து, பையோடு பயன்படுத்துங்கள். வலது கை நடுவிரலில் மாலையைத் தொங்கவிட்டுக் கட்டைவிரலால் மணியை உள்பக்கம் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் மாலையில் படக்கூடாது. மேரு வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த சுற்று. நூல் அறுந்தால் அபசகுனம் என்று பயப்பட வேண்டாம். நூல் என்றால் தேயும், திரும்பக் கோத்துக்கொள்ளலாம்.

5. கையில் இருக்க வேண்டிய விவரங்கள், மற்ற செலவு

ஒரு தாளில் இவற்றை எழுதிப் பூஜை அலமாரியில் வையுங்கள்: உங்கள் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதும், பிற்பாடு தீட்சைக்குப் போகும்போதும் இதைத்தான் கேட்பார்கள். கோத்திரம் தெரியாதவர்கள் சிவ கோத்திரம் என்று சொல்வது வழக்கம், கூச்சப்பட வேண்டியதில்லை. நட்சத்திரம் தெரியாவிட்டால் பிறந்த தேதி, நேரம், ஊர் வைத்து உள்ளூர் ஜோதிடரிடமே பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் பெயர் மட்டும் சொல்லிச் சங்கல்பம் செய்யுங்கள்.

மற்றவை: ஒரு மணை அல்லது கம்பளித் துண்டு, அகல் விளக்கு, நல்லெண்ணெய், திரி, குங்குமம், தினம் இரண்டு கற்கண்டு அல்லது ஒரு வாழைப்பழம். பூ கிடைத்த நாளில் பூ. செவ்வரளி, செம்பருத்தி விசேஷம். ஸ்ரீசக்கரம், மகாமேரு, வலம்புரிச் சங்கு எதுவும் இப்போது வாங்காதீர்கள். ஸ்ரீசக்கரம் வீட்டில் வைத்தால் அதற்கென்று தினப்படி பூஜை முறை உண்டு. விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. பரிசாக யாராவது கொடுத்துவிட்டால் தினம் குங்குமமும் தீபமும் காட்டிவிட்டு, பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

6. உட்கார்ந்தபின் என்ன செய்வது

கிழக்கு அல்லது வடக்கு பார்த்து உட்காருங்கள். முட்டி வலி இருப்பவர்கள் நாற்காலியில் உட்காரலாம், காலுக்குக் கீழே ஒரு துண்டு விரித்துக்கொண்டால் போதும். கைபேசி அறைக்கு வெளியே இருக்கட்டும். எண்ணுவதற்குச் செயலி வைத்திருக்கிறேன் என்று அதை உள்ளே கொண்டுவந்தால், மூன்றாம் மாலைக்குள் ஏதாவது ஒன்று ஒளிரும்.

விளக்கேற்றி, பிள்ளையாருக்கு ஒரு குட்டு. அப்புறம் குரு வணக்கம். குரு இன்னும் கிடைக்காதவர்கள் தட்சிணாமூர்த்தியையோ, அகத்தியருக்கு லலிதா சகஸ்ரநாமத்தைச் சொன்ன ஹயக்ரீவரையோ நினைத்துக்கொள்ளலாம். சங்கல்பம் தமிழிலேயே போதும்: 'இன்னார், இன்ன நட்சத்திரம், இன்று இத்தனை மாலை ஜபம் செய்கிறேன், அம்மா ஏற்றுக்கொள்.' என்ன வேண்டும் என்கிற பட்டியலை முதல் நாள் சொல்லியாகிவிட்டது என்றால் தினமும் வாசிக்க வேண்டாம்.

அடுத்தது தியானம். புதியவர்கள் அதிகம் தாண்டிப் போய்விடுவது இதைத்தான். மந்திரத்தைச் சொல்லும்போது எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் மனம் நேற்றைய சண்டையைப் பார்க்கும். சகஸ்ரநாமத்தின் தியான சுலோகங்களே வழி சொல்கின்றன. சிந்தூரச் சிவப்பு மேனி, மூன்று கண், மாணிக்க முடியில் பிறை, புன்னகை, கையில் செங்குவளை, இரத்தினக் குடத்தின் மேல் வைத்த சிவந்த பாதம் என்று ஒரு சுலோகம். பாசம், அங்குசம், மலர் அம்பு, வில், கருணை ததும்பும் கண் என்று மற்றொன்று. இவ்வளவையும் ஒரே நேரத்தில் மனதில் வரைய முயன்றால் தலைதான் வலிக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். நீங்கள் நேரில் போய்க் கும்பிட்ட ஒரு கோயிலின் அம்பாள் படத்தை எதிரில் வையுங்கள். இணையத்தில் எடுத்த பளபளப்பான படத்தைவிட நேரில் கண்ட உருவம் சீக்கிரம் மனதில் நிற்கிறது. இரண்டு நிமிடம் கண் திறந்து பாருங்கள். கண்ணை மூடிப் பாதத்தை மட்டும் நினையுங்கள். முதல் இரண்டு வாரம் பாதம் மட்டும். அது தானாக வரத் தொடங்கியதும் ஒரு மாலைக்குப் பாதம், அடுத்த மாலைக்குக் கைகள், மூன்றாவதற்கு முகம் என்று பிரித்துக்கொள்ளலாம். உருவம் வரவே இல்லை என்றாலும் பரவாயில்லை. விளக்குச் சுடரையே அவளாக எண்ணி, காதில் மந்திரம் விழுவதைக் கவனித்தால் போதும்.

சொல்லும் விதம் மூன்று: வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனதுக்குள் சொல்வது மானசம். மானசம்தான் உயர்ந்தது என்று படித்துவிட்டு முதல் நாளே அதற்குப் போகாதீர்கள், ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவீர்கள். முதல் மாலை மெல்லிய குரலில், அடுத்தது உதட்டில், கடைசி ஒன்று மனதுக்குள். தூக்கம் வந்தால் மறுபடி குரலுக்கு வந்துவிடுங்கள்.

முடிந்ததும் 'குஹ்யாதிகுஹ்ய கோப்த்ரீ த்வம்' என்று தொடங்கும் சமர்ப்பண சுலோகத்தைச் சொல்லலாம். தெரியாதவர்கள் 'செய்த ஜபம் உனக்கே' என்று சொல்லி ஒரு உத்தரணி (சின்ன பூஜைக் கரண்டி) நீர் விடுங்கள். உடனே எழுந்து ஓடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். எனக்கு ஜபத்தைவிட அந்த ஐந்து நிமிடம்தான் பிடிக்கும்.

7. எத்தனை மாலை? கணக்கு இதோ

'ஸ்ரீமாத்ரே நமஹ' நிதானமாகச் சொல்ல மூன்று வினாடி ஆகும். ஒரு மாலைக்கு ஐந்தரை நிமிடம். மூன்று மாலை என்றால் முன்பின் எல்லாம் சேர்த்து அரை மணி. முதல் மண்டலத்துக்கு மூன்று மாலை போதும். 48 நாளில் 144 மாலை வரும்.

எண்ணிக்கையில் ஒரு மரபு உண்டு. 108 சொன்னாலும் 100 என்றுதான் கணக்கில் எழுதுவார்கள், மீதி 8 சொல் தவறியதற்கும் மனம் சிதறியதற்கும் போய்விடும். அப்படியானால் மண்டலத்தில் 14,400. ஒரு லட்சத்துக்கு ஆயிரம் மாலை, தினம் மூன்று என்றால் பதினொரு மாதம்.

இப்போது அந்த '21 நாள் சித்தி' விளம்பரத்துக்கு வருவோம். ஒரு மந்திரம் சித்தியாகச் செய்யும் முழு ஜபக் கணக்குக்குப் புரச்சரணம் என்று பெயர். அது பொதுவாக எழுத்துக்கு ஒரு லட்சம் ஜபம். பிறகு பத்தில் ஒரு பங்கு ஹோமம், அதில் பத்தில் ஒரு பங்கு தர்ப்பணம், அதில் பத்தில் ஒரு பங்கு மார்ஜனம் (மந்திரம் சொல்லி நீர் தெளிப்பது), அதில் பத்தில் ஒரு பங்கு அன்னதானம். ஐந்தெழுத்து என்றாலே ஐந்து லட்சம். 15 எழுத்து என்றால் 15 லட்சம், தினம் பத்து மாலை வீதம் நான்கு வருடத்துக்கு மேல். 21 நாளில் முடிப்பதாகச் சொல்பவர் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

ஆர்வத்தில் முதல் நாள் பத்து மாலை, ஐந்தாம் நாள் இரண்டு, பத்தாம் நாள் விடுமுறை என்று போகிறவர்கள் அதிகம். குறைந்த எண்ணை வைத்து அதைக் குறைக்காமல் இருங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதியும் மாலை எண்ணிக்கையும் மட்டும் எழுதுங்கள். 'இன்று ஒளி தெரிந்தது' மாதிரியான குறிப்புகள் வேண்டாம். எழுதத் தொடங்கினால் மறுநாள் மனம் அதைத்தான் தேடும்.

8. தடை வரும் நாட்கள்

மாதவிலக்கு நாட்களில் பல வீடுகளில் மாலையையும் விளக்கையும் தொடாமல் மனதுக்குள் மட்டும் ஜபிக்கிறார்கள். அந்த நாட்களைக் கழித்துக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கத்தையும் உங்கள் மனதையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டால் திட்டுதான் கிடைக்கும்.

சாவுத் தீட்டு என்றால் காரியம் முடியும்வரை நிறுத்திவிட்டு, விட்ட எண்ணிலிருந்து தொடரலாம். பயணம் என்றால் ரயில் படுக்கையிலேயே கரமாலை. காய்ச்சல் என்றால் படுத்துக்கொண்டு 10 முறை. சோம்பலால் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட முயல வேண்டாம், முடிவில் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். சாபம், தெய்வக் குற்றம் என்று பயமுறுத்துபவர் அடுத்த வாக்கியத்தில் பரிகாரக் கட்டணத்தைச் சொல்வார், கவனித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மன நலத்துக்கோ தூக்கத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் ஜபத்தை நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது. ஜபம் தொடங்கியபின் தூக்கமே வரவில்லை, குரல்கள் கேட்கின்றன என்றால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதை 'அனுபவம்' என்று கொண்டாடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள்.

9. நடுவில் ஒரு கோயில்

கட்டாயம் கிடையாது. போக முடிந்தால் நல்லது. சென்னைக்காரர்களுக்கு மாங்காடு பக்கம். அங்கே ஆறு வாரம் தொடர்ந்து, ஒரே கிழமையில், எலுமிச்சம்பழத்தோடு போகும் வழக்கம் உண்டு. 48 நாளுக்குள் ஆறு வாரம் அழகாக அடங்கும். காஞ்சிபுரத்தில் காமாட்சி, பேரளம் பக்கத்தில் திருமீயச்சூரில் லலிதாம்பிகை, திருக்கடையூரில் அபிராமி. எல்லாவற்றிலும் மதியம் நடை சாத்தியிருப்பார்கள், பதினோரு மணிக்குப் பேருந்து ஏறிப் போய் வாசலில் நிற்காதீர்கள். திருக்கடையூரில் காலை வேளைகளில் அறுபதாம், எண்பதாம் கல்யாணக் கூட்டம் இருக்கும், மூலையில் உட்கார்ந்து ஜபிக்கச் சாயங்காலமே மேல். இரவு தங்குவதாக இருந்தால் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டுக் கட்டணங்கள் கவுண்டரில் எழுதிப் போட்டிருக்கும். வெளியே நின்று 'ஸ்பெஷல் அர்ச்சனை' என்று அழைப்பவர்களைத் தாண்டி நேரே கவுண்டருக்குப் போங்கள்.

10. உபதேசம் வாங்க நினைத்தால்

ஒரு மண்டலமாவது முடித்தபின் தேடுங்கள். நாம ஜபமே நிற்காதவருக்குக் குரு வந்தும் பயனில்லை. நல்ல குருக்கள் முதலில் கேட்பதும் 'இதுவரை என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்பதைத்தான்.

தேடும்போது நீங்களும் சில கேள்விகள் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உங்கள் குரு யார், அவருக்கு யார் கொடுத்தது? பரம்பரையைத் தயங்காமல் சொல்ல வேண்டும். தினமும் எவ்வளவு நேரம் செய்ய வேண்டியிருக்கும்? வேலைக்குப் போகிறவரால் முடியுமா? சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? பிறகு கட்டணம். தட்சிணை வேறு, விலை வேறு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, வேட்டி அல்லது புடவை, உங்களால் முடிந்த தொகை: இது தட்சிணை. 'பாலாவுக்கு இவ்வளவு, பஞ்சதசிக்கு இவ்வளவு, இரண்டும் சேர்த்தால் தள்ளுபடி' என்று பட்டியல் வந்தால் அது வியாபாரம். என்னிடம் ஆன்லைனில் ஒருவர் ஆதார் நகலும் முன்பணமும் சேர்த்துக் கேட்டார். மந்திரத்துக்கு ஆதார் எதற்கு? இப்படிக் கேட்பவரிடமும், வீட்டாரிடம் சொல்லாதே என்பவரிடமும், சொத்து, சம்பளம் விசாரிப்பவரிடமும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனமாக நடக்கும் இடம் வேண்டுமென்றால் ராமகிருஷ்ண மடத்தில் மந்திர தீட்சை கொடுக்கிறார்கள். அதற்கு விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும், அவர்கள் சொல்லும் நூல்களைப் படித்திருக்க வேண்டும், துறவி ஒருவர் நேரில் பேசிப் பார்ப்பார். கட்டணம் கிடையாது, காத்திருப்பு உண்டு. அது ஸ்ரீவித்யை வழி அல்ல என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

தீட்சை நாளன்று காலையில் குளித்து, சாப்பிடாமல் போவது வழக்கம். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பால் குடிக்கச் சொல்வார்கள். மந்திரத்தைக் காதில் சொல்வார், நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத்து, நிறுத்தம் எதிலாவது சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்டு முடித்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து இணையத்தில் சரிபார்க்காதீர்கள். மந்திரத்தைப் பதிவு செய்யக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது. கணவன், மனைவியிடம்கூட.

11. நாற்பத்தெட்டாம் நாள்

பெரிய ஏற்பாடு வேண்டாம். வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, வழக்கமான ஜபத்தை முடித்து, ஒரு சுமங்கலியையோ ஒரு சிறுமியையோ அழைத்துச் சாப்பாடு போட்டு, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, பூ, ரவிக்கைத் துணி கொடுங்கள். அழைக்க ஆளில்லாத ஊரில் இருப்பவர்கள் யாராவது ஒருவருக்கு ஒருவேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாலும் சரிதான். தாம்பூலத்தை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள், அன்று வெள்ளிக்கிழமையாக அமைந்தால் காலையில் பூவும் வெற்றிலையும் விலை ஏறிவிடும். மறுநாளும் அதே நேரத்துக்கு உட்காருங்கள், ஒரு மாலையாவது. நோட்டில் புதுப் பக்கம் போட்டு 1 என்று எழுதிக்கொள்ளலாம்.